கிரகணத்தன்று அவரைக்காய் நறுக்கியவள்

அவள் பெயரை இங்கே எழுத முடியாது. இரு தரப்பும் பெயர்களை வெளியே சொல்லக் கூடாது என்று ஒரு நிபந்தனை இருக்கிறது. அந்த நிபந்தனையைத் தட்டச்சு செய்து, இரண்டு முறை படித்துப் பார்த்து, கையெழுத்துக்கு நீட்டிய வக்கீலே நான்தான். ஆகையால் அவள் என்றே சொல்லிக்கொண்டு போகிறேன். அதனால் ஒன்றும் குறைந்துவிடாது. அவளைத் தெரிந்தவர்களிடம் அவள் ஓயாமல் சொல்லும் ஒரு வாக்கியத்தைச் சொன்னால் போதும், ஆள் யாரென்று தெரிந்துவிடும். "தப்பு என் மேலதான்."

திண்டுக்கல் பேருந்து நிலையத்திலிருந்து கூப்பிடு தூரத்தில், ஒரு மருந்துக்கடைக்கு மேலே என் அலுவலகம். முதல் நாள் அவளும் கணவனும் கைக்குழந்தையோடு மாடி ஏறி வந்தார்கள். தாடிக்கொம்பைத் தாண்டி ஒரு கிராமம். குத்தகை நிலத்தில் மல்லிகை போட்டிருந்தார்கள். கணவன் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குக் காய்கறி ஏற்றிப் போகும் மினி லாரி ஓட்டுகிறவன். அவள் உள்ளே கால் வைக்கவும் கரண்ட் போகவும் சரியாக இருந்தது.

"நான் வந்த நேரம், உங்களுக்கும் காத்து இல்லாமப் போச்சு மேடம்" என்றாள்.

எங்கள் தெருவில் வாரத்தில் பாதி நாள் அந்த நேரத்துக்குக் கரண்ட் போகும் என்று சொன்னேன். அவள் நம்பியதாகத் தெரியவில்லை. குமாஸ்தா அண்ணன் தேநீர் கொண்டு வந்தவர் கை தவறி அவள் சேலையில் கொட்டிவிட்டார். சூடான தேநீர். அவர் பதறுவதற்குள் அவள் எழுந்துகொண்டு, "நான்தான்ணே வழியில கால நீட்டி உக்காந்துட்டேன்" என்றாள். கால்களை நாற்காலிக்கு அடியில் மடக்கி வைத்திருந்ததை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அன்று மாலை குமாஸ்தா அண்ணன் சொன்னார், "இந்தப் பொண்ணக் கொண்டுபோய் கோர்ட்ல உக்கார வச்சாப் போதும் மேடம். நம்ம டவுன்ல நிக்கிற கேஸ் பூராவையும் தானே செஞ்சேன்னு ஏத்துக்கிரும்."

சிரித்தேன். எனக்கு அது அப்போது வேடிக்கையாகத்தான் இருந்தது. நான் நேர் எதிர். தப்பு யாருடையது என்று தேடிப் பிடிப்பது என் பிழைப்பு. அது எப்போதும் எதிராளியுடையதாகவே இருக்கும். வீட்டிலும் அப்படித்தான். "உன் மேல தப்புன்னு உன் வாயால ஒரு தடவ கேட்டுட்டா நான் பழனிக்கு நடந்தே போறேன்" என்று என் கணவர் சொல்வார். அவருடைய கால்கள் இன்னும் பத்திரமாக இருக்கின்றன.

அந்த முதல் நாளில் பேசியதெல்லாம் அவள் கணவன்தான். "பிரசவத்துல பிள்ளையப் பிடிச்சு இழுத்து, கை விளங்காமப் போயிருச்சு மேடம். ஆஸ்பத்திரி மேல கேஸ் போடணும்" என்றான். அவள் முந்தானையால் குழந்தையின் வாயைத் துடைத்தபடி, "எல்லாத்தையும் அவங்க மேலயே சொல்லாதீங்க. என் மேலயும் இருக்குல்ல" என்று அவனிடம் மெல்லச் சொன்னாள்.

அவனை வெளியே உட்கார வைத்துவிட்டு, "முதல்ல இருந்து நீயே சொல்லும்மா" என்று அவளைக் கேட்டேன். வலி எப்போது வந்தது, எத்தனை மணிக்கு ஆஸ்பத்திரி போனாய் என்று எழுதிக்கொள்ளப் பேனாவைத் திறந்து வைத்திருந்தேன். அவள் அதற்கும் இரண்டு மாதம் முன்னால் போய் ஆரம்பித்தாள்.

"அன்னிக்குக் கிரகணம் மேடம். நம்ம ஊர்ல வளையமாத் தெரியும்னு சொன்னாங்கள்ல, அது. அத்த மொத நாளே சொல்லிட்டாங்க, மாசமா இருக்கவ வெளிய வரக் கூடாது, எதையும் வெட்டக் கூடாது, நறுக்கக் கூடாதுன்னு. காலைல பிடிக்கிறதுக்குள்ள வேலைய முடிச்சிரணும்னு வெரசாச் சோத்த வடிச்சேன். வெஞ்சனத்துக்கு அவரக்கா நறுக்கிக்கிட்டு இருந்தேன். ஒரு கையளவுதான் மிச்சம் இருந்துச்சு. எந்திரிக்கிறதுக்குச் சடவா இருந்துச்சு மேடம், வயித்தப் பிடிச்சுக்கிட்டு. சரி முடிச்சிருவோம்னு முடிச்சுட்டேன். அதுக்குள்ள பிடிச்சிருச்சாம்."

நான் பேனாவைக் கீழே வைத்தேன். அதே கிரகணத்தை நான் மொட்டை மாடியில் நின்று, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, மகனோடு சேர்ந்து கைதட்டிப் பார்த்தவள். சூரியன் ஒரு வளையலாகிவிட்ட அந்தச் சில நிமிடங்களை இன்றும் யாரிடமாவது சொல்லிச் சந்தோஷப்படுவேன். அதே நேரத்தில் எங்கள் வீட்டிலிருந்து சில மைல் தூரத்தில் ஒருத்தி அரிவாள்மனைக்கு முன்னால் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கியிருக்கிறாள்; பிள்ளை பிறந்த பிறகு, அன்று நறுக்கியது அதன் கையைத்தான் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"இதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லம்மா. இத இனிமே யார்கிட்டயும் சொல்லாத. கேஸுக்கு ஆகாது" என்றேன்.

தலையை ஆட்டினாள். அவள் தலையாட்டுவதற்கும் ஒப்புக்கொள்வதற்கும் இடையே எவ்வளவு தூரம் என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

நடந்தது என்ன என்பதை அவளிடமிருந்து வாங்க மூன்று நாளாயிற்று. ஒவ்வொரு வரியிலும் அவள் ஒட்டி வைத்திருந்த "என் தப்பு" என்பதைப் பிய்த்து எடுத்துவிட்டுப் பார்த்தால் மிஞ்சியது இதுதான். கர்ப்ப காலத்தில் அவளுக்குச் சர்க்கரை ஏறியிருந்தது. பிள்ளை பெரிய பிள்ளை என்று ஸ்கேனில் சொல்லியிருந்தார்கள். அப்படியிருந்தும் வலி வந்து சேர்ந்தவளை ஒரு நர்ஸிடமும் ஓர் ஆயாவிடமும் விட்டுவிட்டு, ஆஸ்பத்திரியை நடத்துகிற டாக்டரம்மா வெளியே போயிருந்தார். தலை வெளியே வந்துவிட்டது, தோள் சிக்கிக்கொண்டது. ஆயா வயிற்றின் மேல் ஏறி அமுக்க, நர்ஸ் தலையைப் பிடித்து இழுத்திருக்கிறார். பிள்ளை வந்தது. கழுத்திலிருந்து வலது கைக்குப் போகிற நரம்புகள் போயின. டாக்டரம்மா வந்தது எல்லாம் முடிந்த பிறகு. ஆஸ்பத்திரியின் கேஸ் ஷீட்டிலோ, அவர் ஆரம்பத்திலிருந்து பக்கத்திலேயே இருந்ததாக எழுதியிருந்தது. "சுளுக்குதான், எண்ணெய் தேச்சு விடு, சரியாயிரும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

குழந்தையின் அந்தக் கை தோளிலிருந்து தொங்கி, உள்ளங்கை பின்பக்கம் பார்த்துத் திரும்பியிருக்கும். மருத்துவப் புத்தகத்தில் அதற்கு ஒரு பெயர் உண்டென்று பின்னால் தெரிந்துகொண்டேன். ஓட்டலில் பரிமாறுகிறவர் முதலாளிக்குத் தெரியாமல் முதுகுக்குப் பின்னால் கை நீட்டி டிப்ஸ் வாங்குவதைப் போல இருப்பதால் அந்தப் பெயராம். படித்தபோது எனக்கு எரிச்சலாக வந்தது. பெயர் வைத்தவன் எவனோ, அவன் பிள்ளைக்கு அப்படி ஆகியிருந்தால் வைத்திருப்பானா?

வக்கீல் நோட்டீஸ் அனுப்பினோம். பதில் நோட்டீஸ் வந்தது. பிரசவத்தின்போது உங்கள் கட்சிக்காரர் ஒத்துழைக்கவில்லை, சொன்னபடி முக்கவில்லை, அதனாலேயே சிரமம் ஏற்பட்டது என்று எழுதியிருந்தார்கள். பதிலைப் படித்துக் காட்ட அவளைக் கூப்பிட்டேன். கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். எனக்கே உடம்பு கொதித்தது.

"அது நெசந்தான மேடம்" என்றாள். "நர்சம்மா தொடைல ஒரு அடி போட்டு, முக்குடி, பிள்ளையக் கொல்லப் பாக்குறியான்னு கத்துனாங்க. எனக்குத் தெம்பே இல்ல. முந்துன நாள் ராத்திரி சரியாச் சாப்புடல. ரெண்டு வாய் சேத்துச் சாப்ட்டிருந்தா தெம்பு இருந்திருக்கும்ல?"

"அடிச்சாங்களா? இத ஏம்மா முன்னாடியே சொல்லல?"

"அது எல்லாரையும் அடிக்கிறதுதான மேடம்."

பிறந்த சில வாரங்களில் ஊரடங்கு வந்துவிட்டது. குழந்தையின் கைக்கு ஆரம்பத்திலேயே கொடுக்க வேண்டிய பயிற்சி கொடுக்க முடியாமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம். பஸ் இல்லை, வண்டியை வெளியே எடுத்தால் போலீஸ். அதையும் அவள் தன் கணக்கில்தான் வைத்திருந்தாள். நடந்தாவது தூக்கிக்கொண்டு வந்திருக்க வேண்டுமாம். "ஊரடங்கையும் நீதான் போட்டியாம்மா?" என்று கேட்டேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்த சொற்பத் தடவைகளில் அது ஒன்று. சிரித்து முடித்துவிட்டு, "இருந்தாலும் நடந்து வந்திருக்கலாம் மேடம்" என்றாள்.

ஒருமுறை சொந்தக்காரர் கல்யாணத்தில் பந்தியில் குழந்தை இடது கையால் சாப்பிட்டிருக்கிறாள். பக்கத்து இலைக்காரர் ஒருவர், "ஏ பாப்பா, சோத்தாங்கையால எடுத்துச் சாப்புடு. பீச்சாங்கையில திங்குது பாரு, வளத்த லட்சணம்" என்று சத்தம் போட்டாராம். அந்தக் கை தூக்க வராது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் வெட்கித் தலை குனிந்திருப்பார். இவள் சொல்லவில்லை. "நாந்தாண்ணே சரியாப் பழக்கல" என்று சொல்லிவிட்டு, பாதிச் சாப்பாட்டில் பிள்ளையை எழுப்பிக்கொண்டு வந்துவிட்டாளாம். இதை என்னிடம் சொன்னது அவள் கணவன். "எனக்கு அந்தாள அடிக்கிறதா, இவள அடிக்கிறதான்னு தெரியல மேடம்" என்றான்.

அந்த டாக்டரம்மாவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். என் மகனும் அவர் கையில் பிறந்தவன்தான். டவுனில் எத்தனையோ வீடுகளில் அவர் கைராசியைப் பற்றிப் பேசுவார்கள். எங்கள் வீட்டிலும் பேசினோம். எனக்கு வலி வந்த அன்று இரவு முழுக்க அவர் என் கட்டிலை விட்டு நகரவில்லை. நெற்றியைத் துடைத்துவிட்டார். என் மாமனார் அப்போது இந்த ஊரில் பெயர் பெற்ற வக்கீல். அதனால்தான் நகரவில்லை என்று அன்று எனக்குத் தோன்றவில்லை. எல்லாரிடமும் அப்படித்தான் இருப்பார் என்று நினைத்தேன். இந்த வழக்கை எடுத்தபோது என் மாமியார், "நம்ம டாக்டரம்மா மேலயா கேஸ் போடப் போற?" என்று என்னோடு சில நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. போட்டேன். ஆனால் அவள் சொல்லச் சொல்ல நான் எழுதிய ஒவ்வொரு வரியிலும், என் நெற்றியைத் துடைத்த அந்தக் கை எனக்குத் தெரிந்தது. எனக்குக் கிடைத்தது அவளுக்குக் கிடைக்கவில்லை. நான் கேட்டு வாங்கவில்லைதான், இருந்தாலும் அவள் பங்கையும் சேர்த்து நான் தின்றுவிட்டதைப் போல உறுத்தும்.

நுகர்வோர் ஆணையத்தில் குறுக்கு விசாரணையைப் பெரும்பாலும் கேள்விகளை எழுதிக் கொடுத்து, பதிலை எழுதி வாங்கி முடித்துவிடுவார்கள். எங்கள் வழக்கில் அவளை நேரில் விசாரிக்க எதிர்த்தரப்பு அனுமதி வாங்கியது. அவளைப் பற்றி அவர்களுக்கு யார் சொன்னார்களோ தெரியாது. எதிர்த்தரப்பு வக்கீல் குரலை உயர்த்தாத மனிதர். எனக்கு அவரிடம் மரியாதை உண்டு. முந்தின நாள் முழுக்க அவளை என் எதிரே உட்கார வைத்துப் பழக்கியிருந்தேன். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும். "என் தப்பு" என்ற வார்த்தையே வாயில் வரக் கூடாது. எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

"ஆஸ்பத்திரியில உங்களை நல்லபடியாத்தானம்மா பாத்துக்கிட்டாங்க?"

"ஆமாங்கய்யா."

"முக்கச் சொன்னப்ப உங்களால முடியல, இல்லையா?"

"முடியலங்கய்யா. என் தப்புதான்."

"அப்புறம் கைக்குப் பயிற்சிக்கு வரச் சொன்னாங்க. நீங்க வரல?"

"வரலங்கய்யா."

ஊரடங்கு என்று ஒரு வார்த்தை சொல்லம்மா என்று என் மனம் கிடந்து அடித்துக்கொண்டது. அவள் சொல்லவில்லை. அவர் கொஞ்சம் நிறுத்தி, ரொம்பவும் பரிவான குரலில் கேட்டார், "பிள்ளை கை இப்படி ஆனதுக்கு வேற ஏதாச்சும் காரணம் இருக்கும்னு உங்க மனசுல படுதாம்மா?"

நான் ஆட்சேபிக்க எழுந்தேன். அதற்குள் அவள் அரிவாள்மனைக்குப் போய்விட்டாள். அத்தை சொன்னது, சோறு வடித்தது, ஒரு கையளவு அவரைக்காய், சடவாக இருந்தது, எல்லாம். தட்டச்சுக்காரர் கையை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். ஆணையத் தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "இதையும் பதிவு பண்ணணுமா வக்கீல் சார்?" என்றார். "அவங்க சொன்னதை அப்படியே பதிவு பண்ணிடலாங்க" என்றார் எதிர்த்தரப்பு வக்கீல். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூட எனக்குச் சண்டை போட ஓர் ஆள் கிடைத்திருக்கும்.

வெளியே புங்க மரத்தடியில் வைத்து அவளைப் பிடித்துக்கொண்டேன். என்ன பேசினேன் என்று முழுதும் எழுத மாட்டேன். "படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! உன் கேஸ நீயே குழி தோண்டிப் புதைச்சுட்டு வந்து நிக்கிற. நாளைக்கு உம் மக பெரியவளாகி, ஏம்மா இப்படிச் சொன்னன்னு கேட்டா என்ன சொல்லுவ?" என்று கேட்டது நினைவிருக்கிறது. போகிறவர்கள் வருகிறவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். குழந்தை இடது கையால் என் கேஸ் கட்டின் நாடாவைப் பிடித்து இழுத்து விளையாடிக்கொண்டிருந்தாள். அவள் நான் சொன்னதையெல்லாம் கவனமாகக் கேட்டாள். நான் மூச்சு வாங்க நிறுத்தியதும், "ஆமா மேடம். தப்பு என் மேலதான்" என்றாள்.

அன்று வீட்டுக்குப் போய் என்னால் சாப்பிட முடியவில்லை. நர்ஸ் தொடையில் அடித்துச் சொன்னதையும் நான் மரத்தடியில் கத்திச் சொன்னதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பெரிய வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை.

வழக்கு புதைந்துபோகவில்லை. ஆணையம் கேட்டுக்கொண்டதன் பேரில் ஓர் அரசு மருத்துவர் ஆவணங்களையும் குழந்தையையும் பார்த்துவிட்டுக் கருத்து எழுதினார். தோள் சிக்கினால் தலையைப் பிடித்து இழுக்கக் கூடாது, வயிற்றின் மேல் அமுக்கவும் கூடாது, தாயின் கால்களை மடக்கித் தூக்கி வழி பண்ண வேண்டும், பெரிய பிள்ளை என்று தெரிந்திருக்கும்போது டாக்டர் கூடவே இருந்திருக்க வேண்டும் என்று தெளிவாக எழுதியிருந்தார். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. உடனே அவளுக்குப் போன் போட்டேன்.

"பெரிய டாக்டரே எழுதிட்டாரும்மா. இழுத்ததுனாலதான். உன் தப்பு ஒண்ணுமே இல்ல."

அவள் கேட்டாள், "கிரகணத்தப் பத்தி என்ன எழுதியிருக்காரு மேடம்?"

"அதப் பத்தி எதுவும் எழுதலம்மா. அவர்கிட்ட யாரும் கேக்கவே இல்ல."

"ஓ, கேக்கலையா" என்றாள். பிறகு, "தீர்ப்புல சொல்லுவாங்களா?"

"கண்டிப்பாச் சொல்லுவாங்க."

அதற்குப் பிறகு அவள் தீர்ப்பைக் கேட்டு அடிக்கடி போன் செய்ய ஆரம்பித்தாள். அதுவரை ஒரு முறைகூடத் தானாகப் போன் செய்தவள் இல்லை. அவள் மாமியார் இன்னமும் வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் அவரைக்காய்க் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் கணவன் தீர்ப்புக்குக் காத்திருந்தது மகளின் கைக்கு ஆபரேஷன் செய்ய. அவள் காத்திருந்தது அதற்கும்தான், ஆனால் அதற்கு மட்டுமில்லை. தீர்ப்புச் சொல்லும் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் யாராவது ஒருவர், நீ இல்லை என்று அவளிடம் சொல்ல வேண்டும்.

அந்த நேரத்தில்தான் எதிர்த்தரப்பு ராஜிக்கு வந்தது. மருத்துவரின் கருத்தைப் பார்த்த பிறகு அவர்களுக்கு வேறு வழி இல்லை. நஷ்டஈடு தருவார்கள், நாங்கள் எதிர்பார்த்ததற்குக் குறையாமல். ஆனால் தவறு நடந்ததாக ஒப்புக்கொள்ள மாட்டார்கள். மதுரையில் குழந்தையைப் பார்த்த டாக்டர், கைக்கு ஆபரேஷன் செய்வதென்றால் இந்த வயதில் செய்தால்தான் பலன், தள்ளிப்போடாதீர்கள் என்று சொல்லியிருந்தார். தீர்ப்பு வரட்டும் என்று காத்திருந்து, அது எங்கள் பக்கமே வந்தாலும், அவர்கள் அப்பீல் போனால் குழந்தை பள்ளிக்கூடத்தையே முடித்துவிடுவாள். இருவரையும் கூப்பிட்டு இதையெல்லாம் விளக்கினேன். கணவன் உடனே சரி என்றான்.

அவள் கேட்டாள், "அதுல யாரு தப்புன்னு எழுதுவாங்க மேடம்?"

"யாரு தப்புன்னும் எழுத மாட்டாங்கம்மா. ராஜின்னா அப்படித்தான்."

புடவை நுனியை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். "அவங்க தப்புன்னு எழுத வேணாம் மேடம். பாவம், வயசானவங்க. என் தப்பு இல்லன்னு மட்டும் ஒரு வரி எழுதச் சொல்லுங்களேன். அத்தைகிட்டக் காட்டுறதுக்கு."

எழுதினேன். குழந்தைக்கு ஏற்பட்ட பாதிப்புக்குத் தாயின் செயல் எதுவும் காரணமல்ல என்று இரு தரப்பும் ஏற்கின்றனர் என்று ஒரு வரியைச் சேர்த்து அனுப்பினேன். மறுநாளே எதிர்த்தரப்பு வக்கீல் கூப்பிட்டார்.

"நீங்களே யோசிச்சுப் பாருங்க மேடம். அம்மா மேல தப்பில்லன்னு எங்க ஆளு கையெழுத்துப் போட்டா, மிச்சம் யாரு இருக்கா? அந்த ஒரு வரி மட்டும் வேணாம். மத்த எதுல வேணாலும் விட்டுக் கொடுக்கிறோம்."

விடவில்லை. வார்த்தையை மாற்றிப் பார்த்தேன், இடத்தை மாற்றிப் பார்த்தேன், நேரிலும் போய்க் கேட்டேன். அந்த வரி இருந்தால் ராஜியே இல்லை என்றுவிட்டார்கள். அதற்குள் மதுரையிலிருந்து ஆபரேஷனுக்கு நாள் கேட்டுவிட்டார்கள். ஒரு பக்கம் பிள்ளையின் கை, இன்னொரு பக்கம் தாயின் மனது. எதை விட வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை, இன்று கேட்டாலும் அதையேதான் செய்வேன். இருந்தும் அந்த வரியை அடித்து நீக்கியபோது யாரோ பார்த்துக்கொண்டிருப்பதைப் போல எனக்குக் கூசியது.

அவளிடம் சொன்னேன். "பரவால்ல மேடம். பிள்ளைக்குக் கை வந்தாப் போதும்" என்றாள்.

"காகிதத்துல இல்லாட்டி என்ன? நான் சொல்றேன்ல. உன் தப்பு இல்லம்மா. ஒரு துளிகூட இல்ல."

என்னைச் சமாதானப்படுத்துவது போலச் சிரித்தாள். "நீங்க என் வக்கீலு மேடம். நீங்க அப்பிடித்தான் சொல்லுவீங்க."

கையெழுத்துப் போட்ட அன்று எல்லாம் சீக்கிரமே முடிந்துவிட்டது. நாங்கள் வெளியே தாழ்வாரத்துக்கு வந்தோம். டாக்டரம்மா சுவரோரமாகப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். இவ்வளவு வருடத்தில் அவர் ஆணையத்துக்கு நேரில் வந்தது அன்றுதான். முழங்கால் வலி போல, ஒரு காலை நீட்டி வைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"பையன் எப்படிம்மா இருக்கான்? என்ன படிக்கிறான்?"

"பிளஸ் டூ டாக்டர்" என்றேன்.

"என் கையில பொறந்தவன்" என்று பக்கத்தில் இருந்த தன் வக்கீலிடம் சொன்னார். நானும் சிரித்தேன். என்னை அறியாமல் வந்த சிரிப்பு அது. அவள் என் முதுகுக்குப் பின்னால் மகளின் இடது கையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

நான் நகர்வதற்குள் அவள் என்னைத் தாண்டிப் பெஞ்சுக்கு முன்னால் போய் நின்றாள். கைகளைக் கூப்பினாள்.

"என்னாலதான் உங்களுக்கு இம்புட்டு அலைச்சல் டாக்டரம்மா. மனசுல வச்சுக்கிறாதீங்க."

டாக்டரம்மா அவளையும் குழந்தையையும் மாறி மாறிப் பார்த்தார். குழந்தையின் திரும்பிய கையில் அவர் கண் ஒரு கணம் நின்றது. கையெழுத்தெல்லாம் முடிந்துவிட்டது. இனி அவர் வாயால் என்ன சொன்னாலும் எந்தச் சட்டமும் அவரை ஒன்றும் செய்யாது. காகிதத்தில் வராத அந்த ஒரு வரியை அவர் இப்போது சொல்லிவிடலாம். சொல்வார் என்றே நினைத்தேன். என் நெற்றியைத் துடைத்த அந்த அம்மாள் சொல்வார் என்று நினைத்தேன்.

அவர் கையை நீட்டி அவள் தோளைத் தட்டிக் கொடுத்தார். "பரவால்லம்மா. நடந்தது நடந்துருச்சு. நான் ஒண்ணும் மனசுல வச்சுக்கல. இனிமேயாச்சும் பிள்ளையைப் பத்திரமாப் பாத்துக்க."

படியிறங்கும்போது எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. வாசலுக்கு வந்ததும் அவளைப் பிடித்து நிறுத்தினேன். "எதுக்கும்மா நீ போய்..." என்று ஆரம்பித்துவிட்டு, அவள் முகத்தைப் பார்த்து நின்றுவிட்டேன். கண்ணில் நீர் கோத்திருந்தது. ஆனால் அழுகை இல்லை. அவளை அறிந்த இத்தனை வருடங்களில் அந்த முகம் அவ்வளவு தெளிவாக இருந்து நான் பார்த்ததே இல்லை.

"அவங்களுக்கு என் மேல கோவமே இல்ல மேடம்" என்றாள். "மன்னிச்சுட்டாங்க."

அவள் கணவன் மினி லாரியைத் திருப்பிக்கொண்டு வந்து நிறுத்தினான். குழந்தையைத் தூக்கி உள்ளே உட்கார வைத்துவிட்டு அவளும் ஏறிக்கொண்டாள். செய்யாத தப்புக்குக் கிடைத்த அந்த மன்னிப்பை அவளிடமிருந்து பிடுங்க எனக்கு மனசு வரவில்லை. "வாரேன் மேடம்" என்று தலையை வெளியே நீட்டிச் சொன்னாள். போய் வா என்று கையை மட்டும் காட்டினேன்.